இடப்பக்கம் இழுத்த கார்

முதலாளியின் பந்தயக் காருக்குக் கண் பட்டுவிட்டது என்றுதான் முதலில் நம்பினேன். வரும் ஞாயிற்றுக்கிழமை ரேஸுக்காக அதற்குப் பெரிய பிரேக்குகள் மாட்டிய செங்கல்பட்டு மெக்கானிக் நான்தான். மாட்டிய மறுநாளிலிருந்து பிரேக்கை மிதித்தாலே கார் இடப்பக்கம் பாய்ந்தது. எலுமிச்சம்பழம் கட்டினேன், பூசணிக்காய் உடைத்தேன்; பிரேக்கை மட்டும் பிரித்துப் பார்க்கவில்லை. என் வேலையில் தப்பு வருமா என்ன?

வியாழக்கிழமை முதலாளியைப் பக்கத்தில் உட்காரவைத்து மாமல்லபுரத்துக்கு ஓட்டினேன். வழியில் ஒரு மாடு குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தேன். கார் சவுக்குத் தோப்புக்குள் புகுந்தது. அப்போது நான் கூவி அழைத்த சாமிகளில் பாதி எந்த ஊர்ச் சாமி என்று எனக்கே தெரியாது.

“கை போச்சேடா, பாவி!” என்று முதலாளி அலறினார்.

அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு, எங்கள் பட்டறை பிட்டர் கன்னியப்பன் தோப்பிலேயே வலது முன்சக்கரத்தைக் கழற்றினான்.

“இன்னா அண்ணாத்த, உள்ள எண்ணெயும் குங்குமமுமா கீது?”

“பூஜை போட்டேன்பா.”

“பொட்டு வெக்க உனக்கு வேற எடமே கெடைக்கலயா?”

குங்குமம் உதிராமலிருக்க நல்லெண்ணெயில் குழைத்து, அந்த வலது சக்கரத்தின் புது பிரேக் லைனிங்கில் நான்தான் பொட்டு வைத்திருந்தேன். எண்ணெய் ஊறிய வலப்பக்கம் வழுக்கியது; இடப்பக்கம் மட்டும் பிடித்தது. கியர் போடும் முதலாளியின் இடது கை அதன்பிறகு சரியாக மடங்கவில்லை. அப்புறம் அவர் ரேஸ் ஓட்டவேயில்லை.