நயினார் அத்தானின் மீசை

என் அக்காள் பேச்சித்தாயின் மாப்பிள்ளை ஆறுமுகநயினார், பதினோரு மலையாளப் படத்தில் அடி வாங்கியவர். நடித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் நான் பார்த்தவரை அடி மட்டும்தான் வாங்கினார். எனக்கு அதில் எரிச்சல்தான்.

தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையில் அவர்களுக்கு ஒரு துண்டு வயல். சீசன் வந்தால் அத்தான் குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடப் போவார். மலையாளத்தான் முதுகைத் தேய்த்துத் தேய்த்தே மலையாளம் படித்துக்கொண்டார். எழுபத்தாறில் ஐந்தருவியில் ஒரு மலையாளப் படப்பிடிப்பு. இவர் கதாநாயகனுக்கு எண்ணெய் தேய்ப்பதுபோல் வந்து வழுக்கி விழ வேண்டும். விழுந்தார். தலை கீழே, கால் மேலே. கையிலிருந்த கிண்ணம் மட்டும் நேராக நின்றது. ஒரு சொட்டு சிந்தவில்லை. தொழில் பழக்கம்! எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்களாம். அன்றைக்குப் பிடித்தது சனியன். ஏமாளித் தமிழன் வேஷமென்றால் கூப்பிடு நயினாரை.

எண்பத்தொன்றில்தான் பெயருள்ள வேஷம் வந்தது. படம் முழுக்க வரும் சமையல்காரன். ஆனால் மீசை கூடாது என்றுவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் அப்பன் செத்தால்தான் மகன் மீசையை எடுப்பான். அத்தானுடைய அப்பா இசக்கிப்பாண்டி மாமாவோ கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார். கேட்டதும் குதித்துவிட்டார். மீசையில் கை வைத்தால் இந்த வீட்டுப் படி ஏறாதே என்று சொல்லிவிட்டு, ராயகிரியில் மகள் வீட்டு அறுப்புக்கு பஸ் ஏறிவிட்டார்.

அத்தான் திருவனந்தபுரம் போய் எடுத்தேவிட்டார். முளைத்த பிறகு ஊருக்கு வரலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார். படப்பிடிப்போ எட்டு நாளில் முடிந்துவிட்டது, கையில் மாற்று வேட்டியும் இல்லை. வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு தென்காசி ஸ்டேஷனில் இறங்கினார். ஆரியங்காவு ரயில் குகைக்குள் அடித்த கரிப்புகையில் கண் இரண்டும் சிவந்து கிடந்தன. எதிரே டீக்கடை வைத்திருந்த மசூது பார்த்தார். துண்டு விலகியது, மீசையைக் காணோம். மசூதுக்குப் புரிந்துவிட்டது: ராயகிரியில் கிழவர் போய்விட்டார், காரியத்தை அங்கேயே முடித்துவிட்டார்கள். சைக்கிளை எடுத்து எங்கள் தெருவுக்கு மிதித்தார்.

அத்தான் நடந்து வந்து சேர்வதற்குள் தெருவே கூடிவிட்டது. பக்கத்து வயல்காரி குருவம்மாள் மதினி தலையை விரித்துப்போட்டு ஒப்பாரி வைக்க, அக்காள் மயங்கி விழ, அத்தான் கையை ஆட்டி ஆட்டி, "எங்கப்பா சாகலைய்யா, சாகலை" என்கிறார். பாவம், தாங்க முடியாமல் பிதற்றுகிறான் என்று ஆள் மாற்றி ஆள் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். நானும் கட்டிப்பிடித்து அழுதேன். நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நாலு மணி பஸ்ஸில் மாமா வந்து இறங்கினார், தோளில் அரை மூட்டைப் பயறு. கூட்டத்தைப் பார்த்துவிட்டு ஓரமாக மூட்டையை இறக்கி உட்கார்ந்துவிட்டார். ஒப்பாரியில் அவரை மகராசன், கொடைவள்ளல் என்றெல்லாம் குருவம்மாள் மதினி பாடிக்கொண்டிருந்தாள். முந்தின வாரம்தான் வரப்புச் சண்டையில் அவரை வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டியவள். மாமா தலையாட்டிக் கேட்டார். முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் இருமினார்.

அப்போது தெரு கலைந்து ஓடியது பாருங்கள்! நின்றது அத்தான் மட்டும்தான். கும்பிடக்கூடக் கை எழவில்லை. இனி நடிப்பும் போச்சு, வீடும் போச்சு என்று நான் திண்ணைத் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

மாமா கிட்டே போய் மகன் மோவாயைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். மேலுதடு நடுங்குவது மறைக்க ஒன்றுமில்லாமல் அப்படியே தெரிந்தது. கிழவருக்கு முதலில் தோள் குலுங்கியது, பிறகு சிரிப்பு வெடித்துவிட்டது. மகன் நடிப்பை ஒரு நாளும் பார்க்காத மனுஷன், கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"இந்த மூஞ்சியப் பாத்தா எவனும் சிரிக்கத்தாம்ல செய்வான்" என்றார். "போய் நடி. எனக்கு உள்ளத இப்பமே எடுத்துட்ட. நான் போனா நீ எடுக்காண்டாம்."

அதற்கப்புறம் அத்தானுக்கு ஏறுமுகம்தான். எண்பத்தேழில் திருவனந்தபுரம் டிவி நாடகத்தில் பெரிய மீசைப் போலீஸ்காரர். மச்சில் மூங்கில் கட்டி ஆன்டெனாவை மேற்கே திருப்பி வைத்துத் தெருவே பார்க்கும். மாமா முன்வரிசையில் இருந்து, அடி விழுமுன்னே சிரிப்பார்.

நாடகத்தைப் பாதிதான் எடுத்திருந்தார்கள், மாமா போய்விட்டார். நிஜமாகவே. மீசை எடுக்க வேண்டாமென்று அவர் வாயாலேயே சொன்னது ஊருக்கே தெரியும். நானும் அத்தானுக்கு ஞாபகப்படுத்தினேன். அவர் நாவிதர் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். நாடகக்காரங்க என்ன சொல்லுவாங்க என்று கேட்டேன்.

"ஒட்டு மீசை வச்சிக்கிடுதேன் மாப்ள. நாடகத்துக்கு அது போதும்" என்றார். "எங்கப்பாவுக்கு நான் நடிக்க முடியாதுல்லா."

நான் தண்ணீர்ச் செம்பை எடுத்துக் கொடுத்தேன்.