வாசலில் வந்து இறங்கிய கார்த்திக்

கிருத்திகை நட்சத்திரத்தில் பிறந்ததால் எனக்குக் கார்த்திக் என்று பெயர் வைத்ததாக அப்பா சொல்வார். பழனிக்கு நேர்ந்துகொண்டதால் என்பாள் அம்மா. கொல்கத்தா டாக்குரியாவில் நாங்கள் காக்கிமா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு வங்காளி அம்மாளுக்கோ கார்த்திக் என்றால் பவுடர் பூசி, கல்யாணம் செய்யாமல் திரிகிற மைனர். வங்காளிகளின் முருகனுக்கு மனைவிகள் கிடையாது. ஒரு பெயருக்கு இத்தனை கதைகள் என்பதில் எனக்குப் பெருமைதான்.

அப்பா கரியாஹாட் கடைத்தெருவில் தள்ளுவண்டியில் தோசை விற்றார். நாங்கள் நான்கு பிள்ளைகள், ஒரே அறை. மழை பிடித்துக்கொண்டால் இரவுக்கு அவல். அடுத்த சந்தில் இருந்த சித்திக்குக் குழந்தை இல்லை. சித்தப்பாவுக்கு நியூ டவுனில் கம்ப்யூட்டர் வேலை.

ஒரு கார்த்திக் பூஜையன்று காலை, சித்தி வீட்டு மணி அடித்தது. திறந்தால் ஆளில்லை. மயில்மேல் அமர்ந்த களிமண் பொம்மை மட்டும் இருந்தது. மீசையும் வில்லும் வேறு.

"பிள்ளை இல்லேன்னு குத்திக் காட்டறானுங்களா? லேக்ல போட்டுட்டு வரேன்" என்று சித்தப்பா அதைத் தூக்கினார்.

"ராக் கொரோ நா, கோபப்படாதே" என்று காக்கிமா ஓடிவந்தாள். குழந்தையில்லாத வீட்டு வாசலில் தெருக்காரர்கள் கார்த்திக்கை வைத்து, மணியடித்துவிட்டு ஒளிந்துகொள்வது அந்த ஊர் வழக்கமாம். வந்தவனைத் திருப்பாமல் பூஜை செய்தால் பிள்ளை பிறக்கும்.

"இது எந்த ஊரு முருகன்? வள்ளியும் இல்ல, வேலும் இல்ல" என்றார் சித்தப்பா.

"வந்துட்டான்ல. உள்ள கொண்டாங்க" என்றாள் சித்தி.

மாலையில் சர்க்கரைப் பொங்கல். சித்தி என்னைப் பொம்மைக்குப் பக்கத்தில் உட்காரவைத்து ஊட்டினாள். "பெத்தவ வளர்க்கலடா. கார்த்திகைப் பொண்ணுங்க வளர்த்தாங்க. அதான் கார்த்திக்." அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இன்னொரு கரண்டி கேட்டேன்.

இரண்டு வருடமாகியும் சித்திக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அவர்கள் நியூ டவுன் அடுக்ககத்துக்குக் குடிபோனார்கள். கோடை லீவில் அம்மா என் துணிகளைப் பையில் அடுக்கினாள். எல்லாத் துணிகளையும்.

அந்த லீவு முடியவே இல்லை. பத்தாவதோடு படிப்பையும் சித்தி வீட்டையும் விட்டு, சூரத், கௌஹாத்தி என்று அலைந்த ஊர்களில் பெயருக்கு அர்த்தம் கேட்டவர்களிடம் நட்சத்திரத்தை மட்டும் சொன்னேன்.

துணிப்பையோடு போய் இறங்கிய அன்று, ஒன்பதாவது மாடியில் சித்தி வீட்டு வாசலில் என்னை நிறுத்தி, தலையைக் கோதிவிட்டு, அம்மா மணியை அழுத்தினாள். கதவு திறக்கும் முன்பே லிஃப்டுக்குள் போய்விட்டாள். தோசைக்கு மாவு ஆட்ட நேரமாகிவிட்டது போலும் என்று நினைத்தேன்.