சரிவில் இறங்கிய விரல்

குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வாங்கும் கடைகளுக்கு நடுவே ஷிபுவின் ஃப்ளெக்ஸ் கடை இருக்கிறது. அங்கே கணினி முன்னால் இருக்கும் பெண்ணைப் பார்த்தால், இவள் உட்கார்ந்திருக்கிறாளா, எழுந்து ஓடப் போகிறாளா என்று உங்களுக்குச் சந்தேகம் வரும். நாற்காலியின் நுனியில்தான் இருப்பாள். ஒரு கால் செருப்பை மாட்டிக்கொண்டு தயாராக நிற்கும். கல்யாண வாழ்த்தோ நினைவஞ்சலியோ அடித்துக்கொண்டிருக்கும்போதே கண் செல்போனுக்குப் போகும். அவள்தான் லீலாபாய்.

முன்பெல்லாம் அவள் இப்படி இருந்ததில்லை. திருவட்டாரில் பிறந்து, பத்தாம் வகுப்பும் டைப்ரைட்டிங்கும் முடித்து, ரப்பர் பால்வெட்டுக்காரர் ரசலையனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஒரே மகள் அஜிஷாவை பெங்களூரில் நர்சிங் படிக்க அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போனால் ஒரு மணி நேரப் பிரசங்கத்துக்கும் அசையாமல் இருப்பாள். அந்த லீலாபாயை ஒரு மழைக்காலக் காலை வந்து கொண்டுபோய்விட்டது. அன்று தோட்டத்துக்குப் போன ரசலையன், வெட்டிக்கொண்டிருந்த மரத்தடியிலேயே சரிந்தார். மூளைக்குப் போகும் ரத்தம் அடைத்துக்கொண்டது என்றார்கள் டாக்டர்கள். உயிர் பிழைத்தது. வலது கையும் காலும் பாதி போயின. பேச்சு முழுக்கப் போயிற்று.

முழுக்க என்று சொல்லக் கூடாது. ஒரே ஒரு சொல் மிஞ்சியது.

"வெள்ளம்."

பசித்தாலும் வெள்ளம். வலித்தாலும் வெள்ளம். மகள் போனில் அழுதாலும் வெள்ளம். எங்கள் குலசேகரம் பக்கத்தில் வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர். லீலாபாய் செம்பை எடுத்துக்கொண்டு ஓடி வருவாள். அவர் தலையை ஆட்டுவார். இடது கையால் செம்பைத் தட்டிவிடுவார். "வெள்ளம்! வெள்ளம்!" என்று நெஞ்சு வெடிக்கக் கத்துவார். என்ன கேட்கிறார்? யாருக்குத் தெரியும்? கட்டிலில் இருக்கமாட்டார். காலை இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போவார், திரும்புவார், மறுபடி போவார். இரவெல்லாம் இதே கதை. அவர் கண் மூடினாலும் அவள் மூடுவதில்லை. அடுத்த சத்தம் எப்போது வரும் என்று காது விழித்தே கிடக்கும்.

நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் சேலத்துக்காரி, நல்ல பிள்ளை. போனில் எல்லாம் கேட்டுவிட்டு, "அம்மா, அவர் எப்பவாவது வெள்ளத்துல மாட்டியிருக்காரா? அந்த பயம் மனசுல நின்னுபோச்சோ?" என்றாள். லீலாபாய்க்குச் சட்டென்று புரியவில்லை. "இஞ்ச வெள்ளமெல்லாம் கெணத்துலதான் மக்கா இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் வாட்ஸாப்பில் ஒரு படத்தாள் வந்தது. வேண்டியதை நோயாளி விரலால் தொட்டுக் காட்ட வேண்டிய தாள். அதில் அவருக்கென்றே அந்தப் பெண் ஒரு படத்தைப் புதிதாகச் சேர்த்திருந்தாள்: பாதி மூழ்கிய வீடு, கூரைமேல் ஒரு மனிதன், சுற்றிலும் அலை. ரசலையன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வாயின் ஒரு ஓரம் துடித்தது. பிறகு சிரித்தார். மனிதர் சிரித்தார்! லீலாபாய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். படத்தின் பிழையைக் கண்டு சிரிக்கத் தெரிந்தவருக்குப் புத்தி எங்கே போயிற்று?

ஆனால் அந்தச் சிரிப்பைப் பார்த்தது அவள் ஒருத்திதான். ரசலையனின் அக்கா நேசம்மாள் பார்க்கவில்லை. பக்கத்து வீடுதான். லீலாபாய் கடைக்குப் போகும் காலை வேளைகளில் தம்பிக்குக் காவல் இருப்பவள் அவள். முட்டுவலிக்காரி, சத்தம் தாங்காதவள்.

"ஏட்டி லீலா, நான் சொல்லுததக் கேளு. எனக்க தம்பிக்குப் புத்தி போச்சு. இனி அவன் மனுசன் இல்ல, ஒரு தொண்டை. மார்த்தாண்டம் பக்கம் நல்ல ஹோம் இருக்கு, நம்ம சபைக்காரங்க நடத்துதது. வாற ஞாயிறு ஆராதனை முடிஞ்சு கார் சொல்லியிருக்கேன்."

"மைனி, அவங்களுக்குப் புத்தி போவல்ல."

"அப்போ காட்டு. அவன் ஒரு காரியத்த, ஒரே ஒரு காரியத்த, எனக்க முன்னால தெளிவா கேக்கட்டும். கார வேண்டாம்ணு சொல்லியிருதேன்."

லீலாபாய்க்குப் பதற்றத்தில் வெப்ராளம் பிடித்தது. கையில் இருப்பது ஒரு வாரம். ஒரு மனிதனின் மனசைத் தாளில் கொண்டுவர வேண்டும்.

இன்ஃபோகிராஃபிக்ஸ் என்ற சொல்லை ஷிபுதான் சொன்னான். "அக்கா, பஞ்சாயத்து ஆபீசுக்கு டெங்கு படம் அடிச்சோமே, கொசு, டயர், சிரட்ட எல்லாம் போட்டு? அதுக்க பேருதான். தகவல படமா அடுக்குதது. யூடியூப்ல இலவசமா பாடம் இருக்கு." கோயம்புத்தூர்க்காரி ஒருத்தி நிதானமாகச் சொல்லிக்கொடுத்தாள். லீலாபாய் அதை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்டாள். பஸ்ஸில் கேட்டாள், கஞ்சி கிளறிக்கொண்டே கேட்டாள். யார் பார்க்கப் போகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். ஒரு தாளுக்கு ஒரு செய்தி. சேர்ந்தவற்றைச் சேர்த்து வையுங்கள். முக்கியமானது பெரிதாகட்டும். நிறங்களைக் குறையுங்கள். வெற்றிடத்துக்குப் பயப்படாதீர்கள்.

பயப்படாமல் எப்படி? இத்தனை வருஷம் வெற்றிடம் கண்ட இடமெல்லாம் ரோஜாப்பூ வைத்த கை அது! முதல் தாளில் உலகத்தையே திணித்தாள். சோறு, கஞ்சி, சாயா, மரச்சீனி, மீன், மாத்திரை, வேட்டி, பைபிள், சுற்றிலும் பூச்சரம்.

ஷிபு எட்டிப் பார்த்தான். "இது என்னக்கா, கல்யாண வீட்டு சாப்பாட்டு ஐட்டமா? ஐஸ்கிரீம விட்டுட்டியளே."

"சும்மா கெடலே, சவத்தெழவே" என்றாள். ஆனால் பூச்சரத்தை அழித்தாள். மீனை அழித்தாள். மூன்று நிறங்களுக்கு வந்தாள்: வயிற்றுக்குப் பச்சை, உடம்புக்கு மஞ்சள், வீட்டுக் காரியங்களுக்கு நீலம். வரிசைக்கு மூன்று கட்டம், மூன்று வரிசை. பெரிய பெரிய படங்கள். லேமினேஷன் செய்து எடுத்தபோது அவளுக்கே பெருமை தாங்கவில்லை. பாடம் நடத்தியவள் பார்த்திருந்தால் கைதட்டியிருப்பாள்.

வியாழக்கிழமை மத்தியானம் நேசம்மாள் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். லீலாபாய் தாளைக் கணவர் மடியில் வைத்தாள். "அஜிஷாக்க அப்பா, உங்களுக்கு என்ன வேணும்? தொட்டுக் காட்டுங்க."

ரசலையன் பார்த்தார். இடது கை எழுந்தது. விரல் மேலே இடது மூலையில் இறங்கியது, நடுவுக்கு வந்தது, கீழே வலது மூலையில் போய் நின்றது. மேலே இடது மூலையில் கஞ்சி. நடுவில் தலைவலி. கீழே வலது மூலையில் கக்கூஸ்.

"இன்னொரு மட்டம்" என்றாள் லீலாபாய். அதே கஞ்சி, அதே தலைவலி, அதே கக்கூஸ்.

நேசம்மாள் எழுந்துவிட்டாள். "கஞ்சி குடிச்சா தலவேதன, தலவேதன வந்தா கக்கூசு. கொள்ளாம்டி உனக்க படிப்பு!" கேலி செய்ய வந்த வாய் கோணிக்கொண்டது. "ஏட்டி, இவனுக்க கூடக் கெடந்து நீயும் சாவாத. உனக்க கண்ணப் பாத்தியா? கண்ணாடியில பாத்தியா?"

"வெள்ளம்!" என்று கத்தினார் ரசலையன். தாள் பறந்து சுவரில் மோதி விழுந்தது.

அன்று சாயங்காலம்வரை அந்தத் தாளை லீலாபாய் எடுக்கவில்லை. அடுக்களைக்கும் வாசலுக்கும் நடந்தாள். துணியை மடித்தாள், உதறினாள், மறுபடி மடித்தாள். கர்த்தாவே, இருபத்தைந்து வருஷம் என்னோடு பேசியவர், எதற்கு என்னை இப்படி வெளியே நிறுத்துகிறார்? கடைசியில் துடைத்து வைக்கலாம் என்று தாளைக் குனிந்து எடுத்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் அதன் மேல் ஒரு தடம் மின்னியது. மத்தியானம் குடித்த கஞ்சி அவர் விரலில் ஒட்டியிருந்திருக்கிறது. இடது மேலிருந்து வலது கீழ் வரை ஒரு சாய்ந்த கோடு. இரண்டாவது தடவை போன கோடு முதல் கோட்டின் மேலேயே, மயிரிழை பிசகாமல்.

ஜன்னலுக்கு வெளியே வேலியோரம் ரப்பர் மரங்கள் நின்றன. ஒவ்வொன்றின் பட்டையிலும் இடது மேலிருந்து வலது கீழே, பால் வடிய ஒரு வெட்டு.

தாளை அந்த வெட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள்.

தாளை எடுத்துக்கொண்டு ஓடினாள். தலைகீழாகத் திருப்பி அவர் மடியில் வைத்தாள். கை எழுந்தது. இப்போது கக்கூசில் தொடங்கி, தலைவலி வழியாக, கஞ்சியில் போய் நின்றது. அதே சரிவு! அவர் எந்தப் படத்தையும் தொடவே இல்லை. கட்டம் கட்டமாகத் தாவிப் பார்க்க அவருக்கு வரவில்லை. தாள் என்று ஒன்றை முன்னால் வைத்ததும், வாழ்நாள் முழுக்க மரத்தின் முன்னால் செய்ததையே கை செய்கிறது. மேலே கத்தியை வைத்தால் கீழே வரைக்கும் இழுத்தாக வேண்டும், நடுவில் விடக் கூடாது. யார் பார்க்கப் போகிறார்கள் என்று அந்தக் கோயம்புத்தூர்க்காரி முதல் பாடத்திலேயே கேட்டாளே! நோயாளி என்று பதில் எழுதிக்கொண்டு ஓடிவிட்டாயே லீலா. ரசலையன் என்று எழுதினாயா?

வெள்ளிக்கிழமை ஷிபுவின் கடையில் புதுத்தாள் பிறந்தது. கட்டங்கள் இல்லை. ஒரு பழுப்புப் பட்டை, அதில் ஒரே ஒரு சரிவுக்கோடு, அதன்மேல் ஒன்றன்பின் ஒன்றாகச் சில படங்கள்: கஞ்சி, சாயா, வலி, கட்டில், கக்கூஸ். கோடு முடியும் இடத்தில் பால் பிடிக்கும் ஒரு சிரட்டை. மற்றதெல்லாம் வெற்றிடம். ஷிபு இந்தத் தடவை கேலி செய்யவில்லை.

அன்று சாயங்காலம் ரசலையனின் மடியில் வைத்த தாளில் விரல் மேலிருந்து இறங்கியது. கஞ்சியைத் தாண்டியது. சாயாவின் மேல் நின்றது.

நின்றது!

லீலாபாய் சாயா போட்டுக் கொண்டுவருவதற்குள் பாதியை அவசரத்தில் சிந்திவிட்டாள். அவர் குடித்தார். தம்ளரைத் திருப்பிக் கொடுத்து, மிக மெதுவாக, "வெள்ளம்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

செய்தி கேட்ட நேசம்மாள் நம்பவில்லை. "சாயா யாருதான் குடிக்கமாட்டா? பெரிய காரியத்தக் கேளு. இன்னொரு தாளு போடு. இந்த வீட்டப் போடு, அந்த ஹோமையும் போடு. எங்க இருக்கணும்ணு அவனே சொல்லட்டும்."

லீலாபாய்க்கு ஹோமைப் போட மனமில்லை. ஆனால் ஹோமை விட்டுவிட்டுப் போடும் தாள் பொய்த்தாள் அல்லவா? போட்டாள். தன் வீடு, நீலக் கதவு. அடுத்து ஹோமின் கட்டடம், வாசலில் சிலுவை. அதே சரிவில் தன் புகைப்படம், மைனியின் புகைப்படம், கட்டில், சிரட்டை.

ஞாயிறு வந்தது. ஆராதனை முடிந்த வேட்டி சேலைகள் ரோட்டில் போய்க்கொண்டிருந்தன. கார் வாசலில் நின்றது, டிரைவர் ஒருமுறை ஹாரன் அடித்தான். ரசலையனின் மடியில் தாள். நேசம்மாள் ஜெபம் செய்வதுபோல் கையைக் கோத்துக்கொண்டிருந்தாள்.

விரல் இறங்கியது. வீட்டைத் தாண்டியது. ஹோமின் மேல் நின்றது.

"இல்ல" என்றாள் லீலாபாய். "மறுபடியும் பாருங்க. தெரியாம நின்னுட்டு."

விரல் மறுபடி மேலே போய் இறங்கியது. ஹோமின் மேலேயே நின்று இரண்டு முறை தட்டியது.

எந்த மனிதனுக்காக ஒரு வாரம் பைத்தியக்காரிபோல் ஓடினாளோ, அவரே போகிறேன் என்கிறார்! லீலாபாய் சுவரில் சாய்ந்தாள். நேசம்மாளும் ஜெயித்தவள்போல் இல்லை. "ஏலே ரசலு, போணுமா? நெசமாவா மக்கா?" என்று தம்பியின் தோளைப் பிடித்தாள்.

அவர் அக்காவின் கையை விலக்கினார். இன்னும் முடியவில்லை என்பதுபோல். விரல் ஹோமிலிருந்து மேலும் கீழே இறங்கி லீலாபாயின் புகைப்படத்தில் நின்றது. நிமிர்ந்து அவளைப் பார்த்தார். மைனியின் படத்தைத் தாண்டி விரல் கட்டிலில் நின்றது. மறுபடியும் மேலே. ஹோம். லீலாபாய். கட்டில்.

"வெள்ளம்" என்றார். கண்ணீர் மோவாய் வழியாக இறங்கியது.

"என்னட்டி சொல்லுதான்?" என்றாள் நேசம்மாள்.

லீலாபாய்க்குப் புரிந்துவிட்டது. "நான் ஒறங்கணுமாம்" என்றாள். "அவங்க போனா நான் ஒறங்குவேனாம்."

அத்தனை நாள் கத்தலும் இதற்குத்தானா? செம்பைத் தட்டிவிட்டதும், காலை இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போனதும், போய் நின்று திரும்பிப் பார்த்ததும்? அவளுக்கு அழுகையோடு கோபமும் வந்தது. அவர் முன்னால் தரையில் உட்கார்ந்து சண்டைக்கே போய்விட்டாள். "நீங்க அங்க கெடந்தா எனக்கு இஞ்ச ஒறக்கம் வருமா? இதுதான் கண்டுபிடிச்சியளா? ஒரு வாக்கு எனக்கிட்ட கேட்டியளா?"

"வெள்ளம்! வெள்ளம்!" என்று அவரும் விட்டுக்கொடுக்காமல் கத்தினார்.

நேசம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி வாசலுக்குப் போனாள். "எப்பா, நீ வண்டிய எடுத்துட்டு போ. ஆளு வரல்ல" என்றாள் டிரைவரிடம். திரும்பி வந்து தம்பியின் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "புருசனும் பெஞ்சாதியும் சண்ட போடுதது கேட்டுட்டு, இனி புத்தி இல்லேண்ணு நான் சொன்னா கர்த்தர் எனக்க நாக்க எடுத்திருவாரு. ராத்திரி நான் இஞ்ச கெடக்கேன். எனக்கு எப்படியும் முட்டுவேதனையில ஒறக்கம் கெடயாது. ஏட்டி, நீ போய்ப் படு. இப்பமே போ."

"மைனி, அந்தத் தாள எப்படி..."

"எனக்குக் கண்ணு தெரியும். போ."

லீலாபாய் உள் அறையில் போய்ப் படுத்தாள். உடம்பு கட்டிலில் கிடந்தது, காது முன்னறையில் இருந்தது. வெள்ளிக்கிழமைத் தாளை விரல் தட்டும் சத்தம். மைனியின் குரல்: "சாயாவா? ஏலே, இப்பம்தான குடிச்ச? ஒரு எடத்துல நில்லுலே, வழுக்கிட்டு போவாத!" பிறகு ஒரு வெள்ளம். பிறகு மைனியின் சிரிப்பு. போய்ப் பார்த்தால் என்ன? அவருக்கு முதுகில் தலையணை சரியாக இருக்கிறதா? எழுந்தாள். சத்தம் போடாமல் வந்து கதவோரம் நின்றாள்.

ரசலையன் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். சாயாத் தாளை ஒதுக்கி, வீட்டுப் படம் இருந்த தாளை இழுத்து, விரலை அதன் மேலே கொண்டுபோனார். அது வீட்டைத் தாண்டி, ஹோமைத் தாண்டி, அவள் முகத்தைத் தொட்டு, கட்டிலில் வந்து நின்றது. அங்கேயே அழுத்திக்கொண்டார், எடுக்கவில்லை.

லீலாபாய் திரும்பிப் போய்ப் படுத்தாள்.