இருக்கைக்கு அடியில் மணல் மூட்டை

முட்டைக்காரம்மா என்றால் அந்த வட்டாரத்துக் கடைகளில் தெரியாதவர் இல்லை. விடிந்தும் விடியாததுமாகப் பண்ணையில் முட்டைத் தட்டுகளைத் தன் சின்ன வேனில் அடுக்கிக்கொண்டு கிளம்பினால், வெயில் ஏறுவதற்குள் கடை கடையாக இறக்கிவிட்டு வந்துவிடுவாள். மேட்டிலும் பள்ளத்திலும் முட்டை உடையாமல் ஓட்டுவது லேசுப்பட்ட காரியமில்லை. அதை அவள் செய்தாள். ஆனால் அந்த வண்டி தன்னுடையது என்று மட்டும் அவள் வாயிலிருந்து ஒருநாளும் வந்ததில்லை. யார் கேட்டாலும், "அவரோட வண்டி" என்பாள்.

அவர் என்றால் அவள் கணவர். கடைக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் குண்டண்ணன். பெயரில் பொய் கிடையாது. முன்பெல்லாம் வண்டி ஓட்டியது அவர்தான். அவர் ஏறி உட்கார்ந்தால் வண்டி அவர் பக்கமாகச் சாய்ந்துவிடும், தட்டுகளும் கூடவே நகரும். அந்த வண்டியின் முன்பக்கத்தில் சுருள் வில் இல்லை. சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு நீளக் கம்பிகள் அடியில் படுத்திருக்கின்றன. அவை முறுக்கிக்கொண்டு நிற்கிற பலத்தில்தான் வண்டியே நிற்கிறது. கம்பியின் முனையில் ஒரு போல்ட் உண்டு. இறுக்கினால் அந்தப் பக்கம் உயரும், தளர்த்தினால் தாழும். எல்லோரும் காலி வண்டியை நிறுத்திவைத்துத்தான் உயரம் அளப்பார்கள். மெக்கானிக் இவரை மட்டும் உள்ளே உட்காரவைத்து அளந்தான். ஓட்டுநர் பக்கத்து போல்ட்டை நன்றாக இறுக்கினான். அதற்கப்புறம் அவர் இறங்கினால் வண்டி கோணலாக நிற்கும், ஏறினால் நேராகிவிடும். துணிக்கடையில் அளவு கொடுத்துத் தைத்த சட்டையைக் காட்டுவதுபோல அவர் இதை ஊரெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தார்.

பிறகு ஒருநாள் பல் துலக்கும்போது பிரஷ் கையிலிருந்து விழுந்தது. பக்கவாதம். ஒரு பக்கத்துக் கையும் காலும் பேச்சைக் கேட்க மறுத்தன. மாதக்கணக்கில் முயன்று கோல் ஊன்றி நடக்கக் கற்றுக்கொண்டார். ஆனால் அந்தக் கை இனி ஸ்டியரிங் பிடிக்காது என்று டாக்டர் சொன்னதை இருவருமே கேட்டார்கள், வீட்டுக்கு வந்து இருவருமே அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவர் வாசலைத் தாண்டுவதை நிறுத்திவிட்டார். வெளியே வண்டிச் சத்தம் கேட்டால் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். கடைக்காரர்களோடு வாயடித்தே பொழுதைப் போக்கிய மனிதர் அவர். வண்டியை இனி அவளே ஓட்ட ஆரம்பித்தாள்.

அவளோ ஒல்லி. அவள் ஏறினால் வண்டிக்கு ஆள் ஏறியதே தெரியாது. ஓட்டுநர் பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது, தட்டுகள் இப்போது எதிர்ப் பக்கம் சரிந்தன. போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்திவிடலாம் என்று மெக்கானிக் பலமுறை சொன்னான். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அதைத் தளர்த்தினால் அவர் இனி வண்டிக்கு வரமாட்டார் என்று தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்பது அவள் பயம். அதற்குப் பதிலாக ஒரு காரியம் செய்தாள். நீளவாக்கில் ஒரு மூட்டை தைத்து, மணலை நிரப்பி, தன் இருக்கைக்கு அடியில் திணித்தாள். வண்டி நேராக நின்றது. புருஷனின் இடத்தை மணலால் நிரப்பிய கெட்டிக்காரி உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

இறக்கத்தில் ஒருநாள் மூட்டை முன்னால் நழுவி பிரேக் பெடலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. மிதித்தாள். பெடல் இறங்கவில்லை. கைபிரேக்கை இழுத்து, ஒரு கடைப் படியருகே வண்டியை நிறுத்துவதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. பின்னால் தட்டுகள் சரிந்து மஞ்சளும் வெள்ளையுமாக வழிந்துகொண்டிருந்தன. படியில் யாரும் இல்லை. அதை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டாள்.

பட்டறையில் மெக்கானிக் மூட்டையை வெளியே இழுத்துப் போட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

"அண்ணி, இனிமே இத வச்சு ஓட்டுனீங்கன்னா நான் சாவியே தரமாட்டேன். அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க."

வீட்டில் அவர், அவள் சட்டையிலிருந்த முட்டைக் கறையையும் காலில் ஒட்டிய மணலையும் பார்த்துவிட்டு என்ன ஆயிற்று என்று கேட்டார். பொய் சொல்ல அவளிடம் தெம்பில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"மூட்டை எவ்வளவு பெருசு?" என்றார் அவர்.

கையை விரித்துக் காட்டினாள்.

"அவ்வளவுதானா நான்?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். நோய் வந்ததற்குப் பிறகு அந்தச் சிரிப்பை வீடு கேட்டதே இல்லை. பாதிச் சிரிப்பில் கண் நிறைந்துவிட்டது. தன் வறட்டுக் கௌரவத்தைத்தான் அவள் காலடியில் கட்டிவைத்து ஓட்டியிருக்கிறாள் என்பது அவருக்குப் புரிந்தது. பட்டறைக்குக் கிளம்ப, தன் செருப்பை எடுத்துவரச் சொன்னார்.

பட்டறைக்கு அவர் கோல் ஊன்றி வந்ததைப் பார்த்து மெக்கானிக் ஸ்பேனரை அப்படியே கீழே வைத்துவிட்டான். போல்ட்டைத் தளர்த்தச் சொன்னது அவர்தான். ஜாக்கியில் தூக்கி, தளர்த்தி, கீழே இறக்கி, வண்டியை முன்னும் பின்னும் உருட்டி, முன்பக்கத்தை நாலு தரம் அமுக்கிவிட்டான். ஜாக்கியிலிருந்து இறங்கிய வண்டி உடனே உண்மை பேசாது, அசைத்துவிட்டால்தான் சரியான உயரத்துக்கு வரும். அவளை உள்ளே உட்காரச் சொல்லி இரண்டு பக்கமும் அளந்தான். நூல் பிடித்தது மாதிரி சரியாக இருந்தது. அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பக்கம் திரும்ப அவளுக்குத் துணிவு வரவில்லை.

கோல் தட்டுகிற சத்தம் வண்டியைச் சுற்றிக்கொண்டு போனது. எதிர்ப் பக்கக் கதவு திறந்தது. நல்ல கையால் கதவோரக் கைப்பிடியைப் பிடித்து, முக்கி முனகி, மெக்கானிக் பின்னாலிருந்து தாங்க, அவர் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். வண்டி அவர் பக்கம் நன்றாகவே சாய்ந்தது.

"இப்ப அள," என்றார்.

மெக்கானிக் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தான்.

"அண்ணே, நீங்க தினமும் வர்றதா இருந்தாதான் இந்தப் பக்கத்தை ஏத்தணும். ரெண்டு நாள் வந்துட்டு வீட்ல உக்காந்துட்டீங்கன்னா வண்டி மறுபடி கோணிக்கும். அண்ணிதான் கஷ்டப்படுவாங்க."

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் ஸ்டியரிங்கை விடவில்லை. ஆனால் அவர் பக்கம் திரும்பியிருந்தாள்.

"இந்தப் பக்கம் உக்காந்தாதான் கடைக்காரங்க முகம் தெரியும்," என்றார். பிறகு ஜன்னல் வழியே தலையை நீட்டி, "நல்லா இறுக்கிவிடு," என்றார்.