இருபத்தொரு காகிதப் பூக்கள்

தேனிக் கடைக்காரர் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே, "இறந்தது ஆம்பளையா, பொம்பளையா சார்?" என்பதுதான்.

நான் கேட்டது கிரேப் பேப்பர். மஞ்சள் மூன்று, சிவப்பு மூன்று, வெள்ளை இரண்டு, பச்சை ஒன்று, ஆக ஒன்பது சுருள். அறுபத்தெட்டு வயதுக்காரன் ஒருவன் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு ஒன்பது சுருள் கலர்த் தாள் கேட்டால், பாடைக்குப் பூக் கட்டத்தான் என்று யாரும் நினைப்பார்கள். அவரைக் குறை சொல்ல முடியாது.

"யாரும் சாகல. பொங்கல் வாழ்த்து அட்டைக்குப் பூச் செய்யணும்" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரி சார். எதுக்கும் வெள்ளையில ஒண்ணு கூடக் கொண்டு போங்க. வச்சுக்கிட்டா கெட்டா போகுது?" என்றார். அப்படியாகப் பத்துச் சுருளோடு மார்க்கையன்கோட்டைக்குப் பஸ் ஏறினேன்.

அட்டை கோம்பையில் இருக்கும் என் அக்காவுக்கு. எனக்கு இருக்கும் ஒரே உடன்பிறப்பு. நான்கு வருடமாக அவள் என்னோடு பேசுவதில்லை. காரணம் சொத்துத் தகராறு என்று எழுதினால் கௌரவமாக இருக்கும். உண்மைக் காரணம், நான் எண்ணுகிறவன் என்பது.

பாசனக் கால்வாயின் மதகடியில் நின்று தண்ணீர் அளவு பார்த்து எழுதும் வேலையில் முப்பத்து நான்கு வருடம் இருந்தேன். ஓய்வு பெறும்போது வேலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வியாதியை மட்டும் வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டதாக என் மனைவி சொல்வாள். இதை இதுவரை எத்தனை முறை சொல்லியிருக்கிறாள் என்பதும் எனக்குத் தெரியும்.

அக்கா புது வீடு கட்டிப் பால் காய்ச்சினாள். உடன்பிறந்தவன் முறைக்கு மேளதாளத்தோடு சீர் கொண்டு போனேன். இருபத்தொரு தட்டு. அக்காவின் சம்பந்தி மைக்கைப் பிடித்து, "மார்க்கையன்கோட்டைத் தாய்மாமன் சீர், தட்டு பத்தொம்பது" என்று அறிவித்தார். நல்ல மனிதன் என்றால் கொடுத்த கலர் சோடாவைக் குடித்துவிட்டு மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பான். நான் நேராக மைக்கிடம் போனேன். அத்தனை தட்டையும் புதுத் தரையில் வரிசையாக வைக்கச் சொல்லி, ஊரும் உறவும் பார்க்க ஒவ்வொன்றாக எண்ணினேன். பத்தொன்பதுதான் இருந்தது. "ரெண்டு தட்டைக் காணோம்" என்று மைக்கிலேயே சொன்னேன். மேளக்காரர்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

அக்கா சாமி அறைக்குள் போய் இரண்டு தட்டுகளை எடுத்து வந்தாள். ஒன்றில் மஞ்சள் குங்குமம், இன்னொன்றில் குத்துவிளக்கு. "தம்பி வீட்டுச் சீருல இது ரெண்டும் மொதல்ல சாமிகிட்டப் போகணும்னு நாந்தான் எடுத்து வச்சேன். திருடலப்பா" என்றாள்.

ஆக, இருபத்தொன்று சரியாக இருந்தது. கணக்கில் நான்தான் ஜெயித்தேன். இப்படி ஜெயித்தவன் என் பரம்பரையில் வேறு எவனும் இல்லை.

அதற்குப் பிறகு மூன்று பொங்கலுக்கும் சீர் அனுப்பினேன். அரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, கரும்பு, சேலை. மூன்று முறையும் அக்கா மகன் வண்டியில் வைத்துத் திருப்பிக் கொண்டுவந்தான். "அம்மா வேணாம்னுட்டாக மாமா" என்பான். மரியாதைக்கு ஒன்றும் குறைவில்லை, காப்பியும் குடித்துவிட்டுத்தான் போவான். என் மனைவியோடு மட்டும் அக்கா போனில் மணிக்கணக்கில் பேசுவாள். அவர்கள் இரண்டு பேருக்கும் இடையில் ஒரு சண்டையும் இல்லை. நடுவில் நான் ஒருவன்தான் மூன்றாம் ஆள்.

நான்காவது பொங்கல் நெருங்கும்போது மனைவி சொன்னாள்: "காசு குடுத்து வாங்குனதெல்லாம் திரும்பி வந்துருச்சு. கையால எதாச்சும் செஞ்சு குடுத்துப் பாருங்க. நீங்க மதுரையில படிக்கிறப்ப அனுப்புன பொங்கல் வாழ்த்தெல்லாம் மதினி இன்னும் பீரோக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டித்தான் வச்சிருக்காக. போன மாசங்கூடப் பாத்தேன்."

"எத்தன இருக்கு?" என்றேன்.

"இதுக்குத்தாங்க பேச மாட்டேங்கிறாக."

கடையில் வாங்கலாம் என்றால், பொங்கல் வாழ்த்து அட்டை விற்கிற கடையே இப்போது கண்ணில் படுவதில்லை. எல்லோரும் போனிலேயே பானையைப் பொங்க வைத்துவிடுகிறார்கள். போன வருடம் எனக்கு வந்தவை அறுபத்து மூன்று, அதில் நாற்பத்தொன்று ஒரே பானை. எனவே அட்டையை நானே செய்வதென்றும், அதன் மேல் காகிதப் பூக்களை ஒட்டுவதென்றும் மனைவி முடிவு செய்தாள். போனில் ஒரு வீடியோவும் எடுத்துக் கொடுத்தாள். அதில் நீள நகம் வளர்த்த பெண் ஒருத்தி நான்கு நிமிடத்தில் ஒரு செவ்வந்தியைச் செய்து முடித்துச் சிரித்தாள். முகம் தெரியாத அந்தப் பெண் மேல் எனக்கு வந்த கோபம் சொந்தக்காரர்கள் மேல்கூட வந்ததில்லை.

என் முதல் பூவுக்கு ஒரு மணி பத்து நிமிடம் பிடித்தது. இரண்டு விரல் அகலத்தில் தாளை நீளமாக வெட்டி, ஓர் ஓரத்தில் சீப்புப் பல் போல நறுக்கி, ஈர்க்குச்சியில் இறுக்கிச் சுற்றி, அடியில் நூல் கட்டி, இதழ்களை ஒவ்வொன்றாக விரித்துவிட வேண்டும். கத்தரிக்கோலின் விளிம்பால் இழுத்துவிட்டால் இதழ் உள்பக்கமாகச் சுருளும் என்றாள் வீடியோக்காரி. என்னுடையது சுருளவில்லை, கிழிந்தது. கடைசியில் குச்சி முனையில் நின்றதைப் பார்த்து மனைவி, "பாட்டில் கழுவுறதுக்கு நல்லாருக்கும்" என்றாள்.

இரண்டாம் நாள் ஐந்து பூ. மூன்றாம் நாள் ஏழு. பூவுக்கு முப்பத்திரண்டு இதழ், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தோட்டத்துச் செவ்வந்திக்கு இந்த ஒழுக்கம் கிடையாது. ஒட்டுவதற்கு மைதாப் பசை போதும் என்று சிக்கனம் பார்த்தேன். காலையில் பார்த்தால் கரப்பான் நான்கு பூக்களை அடியோடு தின்றிருந்தது. என் கைவேலையை ரசித்த முதல் ஜீவன் அதுதான். அதன் பிறகு கடைப் பசைக்கு மாறினேன். வெள்ளைத் தாளை மட்டும் மனைவி எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டாள். "கடைக்காரர் சொன்னது நெஞ்சிலயே நிக்குது" என்றாள்.

எட்டாம் நாள் அட்டையில் மஞ்சளும் சிவப்புமாகப் பூக்களை ஒட்டி முடித்தேன். மனைவி பார்த்ததும் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். எங்கள் வீட்டில் அவள் எதையாவது எண்ணி நான் பார்த்தது அன்றுதான்.

"இருபத்தொண்ணா?" என்றாள்.

"தட்டுக்கு ஒரு பூ."

"மதினி மறந்துகிறந்து போயிரப்படாதுன்னு புண்ணக் கீறி வெங்காயமும் வைக்கிறீகளாக்கும்? கூடவோ கொறையவோ வைங்க."

"கொண்டு போனது இருபத்தொண்ணு. அதுல ரெண்டு எதுன்னு அக்காவுக்குத் தெரியும். எனக்கும் இப்பத் தெரியும்" என்றேன். அட்டைக்குள் எழுதுவதற்குத்தான் திண்டாடினேன். 'மன்னிக்கவும்' என்று தொடங்கியவை நான்கு தாள். நான்கும் அலுவலக விடுப்பு விண்ணப்பம் போல இருந்தன. கிழித்துப் போட்டுவிட்டு, 'அக்காவுக்குப் பொங்கல் வாழ்த்து. தம்பி' என்று மட்டும் எழுதினேன்.

தபாலில் அனுப்பிவிட்டு ஒளிந்துகொள்ளலாம் என்பதே என் திட்டம். ஆனால் பூக்கள் ஓர் அங்குல உயரம் நின்றன. உறைக்குள் போட்டால் செவ்வந்தி அப்பளமாகிவிடும். செய்தவனே சுமந்துகொண்டு போக வேண்டும் என்பதைப் பற்றி அந்த நகக்காரி ஒரு வார்த்தை சொல்லவில்லை. போன பொங்கலுக்குத் திரும்பி வந்த சேலையின் அட்டைப் பெட்டிதான் அளவாக இருந்தது. அதில் வைத்து, இரண்டு பஸ் மாறி, மடியிலேயே ஏந்திக்கொண்டு கோம்பையில் இறங்கினேன். பொங்கலுக்கு இன்னும் மூன்று நாள்.

வாசலில் நாய் என்னைப் பார்த்துக் குரைத்தது. வெள்ளையடிக்கிற மட்டையைக் கையில் பிடித்தபடி அக்கா திரும்பினாள்.

"ஏலே, கத்தாத. தெரிஞ்ச ஆளுதான்" என்றாள்.

நான்கு வருடத்தில் என் காதில் விழுந்த அக்காவின் முதல் சொற்கள் நாயிடம் சொல்லப்பட்டவை. இருந்தாலும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

பெட்டியை நீட்டினேன். பெட்டியை அடையாளம் தெரிந்து அவள் முகம் கடுத்தது. மூடியைத் திறந்து பார்த்தாள். பெட்டியோடு உள்ளே போய்விட்டாள். நான் வாசலில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நாயும் நானும் பதினொரு நிமிடம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். திருப்பிக் கொண்டுவரப் போகிறாள், இந்த முறை மகனைக்கூட அலைய விட வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

திருப்பித்தான் கொண்டுவந்தாள். அட்டையை என் மடியில் வைத்தாள்.

"எண்ணு" என்றாள்.

எண்ணினேன். என்னால் எண்ணாமல் இருக்க முடியாது என்பது அவளுக்குத் தெரியாதா? பத்தொன்பது. மேல் வரிசையில் இரண்டு இடத்தில் பூவைப் பிய்த்த தடம் வெள்ளையாகத் தெரிந்தது. நிமிர்ந்தேன். வீட்டுக்குள் சாமி அறைக் கதவு திறந்திருந்தது. நான் சீர் கொடுத்த குத்துவிளக்கின் அடியில் ஒரு மஞ்சள் செவ்வந்தியும் ஒரு சிவப்புச் செவ்வந்தியும் இருந்தன.

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "என்ன, சரியா இருக்கா?"

தொண்டை வரைக்கும் எண் வந்தது. விழுங்கினேன். அறுபத்தெட்டு வருடத்தில் நான் விழுங்கியதிலேயே பெரிய எண் அந்தப் பத்தொன்பதுதான்.

"சரியா இருக்குக்கா."

"எத்தன?"

"எத்தன இருக்கணுமோ அத்தன."

அக்காவின் உதடு முதலில் கோணியது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏலே, உனக்குப் பொய் சொல்லக்கூட வருமா? மதகுத் தண்ணியவும் இப்பிடித்தான் எழுதிக் குடுத்தியா? அதான் எங்க வயலு காஞ்சு கெடந்துச்சு!" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பெட்டியத் தெறந்ததும் கலர்க் கலரா இம்புட்டுப் பூவு. என்னையத் தூக்கத்தான் வந்துட்டான்னு நெனச்சேன்" என்றாள்.

"கடைக்காரரும் அதத்தான் கேட்டாரு" என்றேன். அதற்கும் சிரித்தாள்.

காப்பி கொடுத்தாள். சர்க்கரை அதிகம். சொல்லவில்லை. புறப்படும்போது சேலைப் பெட்டியை என் கையில் திணித்தாள். "நாளன்னிக்குச் சீரு கொண்டாந்துரு. தட்டு எத்தனன்னு மட்டும் வாயத் தொறந்தியோ, நாய அவுத்து விட்ருவேன்."

பஸ்ஸில் பெட்டியைத் திறந்து பார்த்தேன். அதிரசம். எத்தனை என்பதை இங்கே எழுதப் போவதில்லை. தெரியாமல் அல்ல.