சென்றாயனின் கட்டைவிரல்

சென்றாயன் ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டியவர். என் அப்பாவுக்குச் சித்தப்பா முறை. பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வெறுங்காலோடு பாறை பாறையாக இறங்குவார். வினை அந்தக் காலில்தான் வந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷம் ஒரு விடியலில், வலது கால் கட்டைவிரலில் யாரோ நெருப்புத் துண்டை வைத்துக் கட்டியதுபோல எரிந்தது. விரல் சிவந்து வீங்கிப் பளபளத்தது. போர்வை நுனி பட்டால் உயிர் போனது. "பாறையில இடிச்சுக்கிட்டேன்" என்றார் மனைவி முனியம்மாளிடம். சில நாளில் வீக்கம் தானாக வடிந்தது. விரல்மேல் தோல் மட்டும் செதில் செதிலாக உரிந்தது.

கூட ஓட்டும் ஆண்டிக்கு வாய் சும்மா இருக்காது. "என்னடா சென்றாயா, வெரல்ல தக்காளி பழுத்திருக்கு? பறிச்சுக் கொளம்பு வெக்கலாமா?"

சென்றாயனும் சேர்ந்து சிரித்தார். ஆனால் தோல் உரிந்ததைப் பார்த்ததிலிருந்து அவர் நெஞ்சில் ஒரே பெயர்தான்: மாயவன். சென்றாயன் சிறுவனாக இருந்தபோது மாயவனுக்குப் பெருவியாதி, அதாவது தொழுநோய், என்று ஊர் சொல்லிவிட்டது. ஆற்றோரம் தனிக் குடிசை போட்டு அவனை ஒதுக்கினார்கள். அவன் பெண்டாட்டி ஒரு பாறைமேல் சோற்றை வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் ஓடிவருவாள். அவள் போனபிறகுதான் அவன் வந்து எடுப்பான்.

வலி போய்ப் போய் வந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு பொய். முள்ளு, கல்லு, சுளுக்கு. சாப்பாட்டில் தினமும் மீன், சந்தை நாளில் ஆட்டு ஈரல். அப்போது எங்கள் பக்கமும் சேர்ந்திருந்த சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்து கள்ளுக்கடைகளை மூடியபோதும் அவருக்குக் குறையில்லை. அக்கரை வேறு ஜில்லா, துடுப்புப் போட்டால் கள். குடித்துவிட்டு வந்த மறுநாளே விரல் வீங்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை.

நான் இருக்கும் தேசத்தில் ரத்தம் எடுத்து மறுநாளே எண்ணைச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு யூரிக் அமிலம் எட்டைத் தாண்டினால் இன்னொரு தடவை எடுத்துப் பார்க்கச் சொல்கிறேன். சென்றாயனுக்கு எண் கிடையாது. பயம் மட்டும்தான்.

நாற்பத்திரண்டில் அது காதுக்கு வந்தது. காது மடலின் ஓரத்தில் அரிசி அரிசியாக முண்டுகள். தலைப்பாகையை இழுத்து மறைத்தார். ஒரு நாள் காற்றில் அது அவிழ்ந்தது. பரிசலில் இருந்த அக்கரைக்காரி ஒருத்தி, இறங்கும்போது அவர் நீட்டிய கையைப் பிடிக்காமல் தண்ணீரிலேயே குதித்துப் போனாள்.

சாயங்காலத்துக்குள் விஷயம் துறைக் குத்தகைக்காரர் மாதுவிடம் போய்விட்டது.

"தப்பா நெனச்சுக்காத சென்றாயா. பெரியாஸ்பத்திரி டாக்டரு பாத்து, ஒனக்குப் பெருவியாதி இல்லேன்னு சொல்லட்டும். அப்புறம் பரிசலத் தொடு."

முனியம்மாள் அவரைக் யுத்தகாலத்துக் கரிவாயு பஸ்ஸில் ஏற்றித் தருமபுரிக்கு அழைத்துப் போனாள். அன்றைக்கு விரல் மறுபடி வீங்கியிருந்தது. வலி இருப்பது தெரிந்தால் வியாதி என்று எழுதிவிடுவார்கள், வலியே இல்லையென்றால் வூட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இதுதான் அவர் போட்ட கணக்கு.

டாக்டர் சவுரியப்பன் காதைத் திருப்பிப் பார்த்தார், காலைப் பார்த்தார். முகம் இறுகியது. குண்டூசியை எடுத்தார்.

"கண்ண மூடிக்கப்பா. குத்துனா சொல்லு. தெரியுதா?"

"ஒண்ணுமில்லீங்க."

"இங்க?"

"ஒண்ணுமில்லீங்க சாமி."

எங்கள் பக்கத்தில் பெரிய மனிதர் யார் என்ன கேட்டாலும் வாயில் முதலில் வருவது அதுதான். காய்ச்சல் கொதித்தாலும் ஒண்ணுமில்லீங்க, வூடு எரிந்தாலும் ஒண்ணுமில்லீங்க. டாக்டர் வீங்கிய விரலிலேயே குத்தினார். சென்றாயன் பல்லைக் கடித்தார். "ஒண்ணுமே இல்லீங்க."

டாக்டர் ஊசியைக் கீழே வைத்தார். "உணர்ச்சி போயிருச்சும்மா" என்றார் முனியம்மாளிடம், தணிந்த குரலில். "பெருவியாதிதான். தனி இல்லம் இருக்கு, அங்க அனுப்பணும். நீ கூட இருக்க முடியாது."

முனியம்மாள் புருஷனைப் பார்த்தாள். அவர் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. கை பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது.

"பொய்யிங்க! போர்வ பட்டாக்கூட உசுரு போவுதுங்க இவுருக்கு!"

சொன்னவள், யாரும் தடுக்குமுன் குனிந்து அந்த விரலைப் பிடித்து ஒரு நசுக்கு நசுக்கினாள்.

சென்றாயன் போட்ட கூச்சலில் வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். "அடி பாவி! கொன்னுட்டயேடி!"

டாக்டர் மெல்ல உட்கார்ந்தார். காது முண்டு ஒன்றை ஊசியால் கீறினார். சுண்ணாம்புபோல வெள்ளையாக ஏதோ வந்தது.

"அடப்பாவி மனுசா, அந்தக் கூச்சல மொதல்லயே போட்டிருந்தா என்ன?" என்றார். "பெருவியாதியில குத்துனா தெரியாது. இது வேற. எல்லார் ரத்தத்துலயும் ஒரு உப்பு இருக்கு, யூரிக் ஆசிட்னு பேரு. ஒனக்கு அளவுக்கு மேல இருக்கு. வெளிய போகாம மூட்டுல ஊசி ஊசியாப் படியுது. ஈரல் வேண்டாம், கள்ளு வேண்டவே வேண்டாம், மீனக் கொற. தண்ணி நெறையக் குடி. விட்டா சிறுநீரகத்தத் தின்னுரும்."

"மீனு இல்லாம எப்பிடிங்க?" என்றார் சென்றாயன்.

"ஏனுங்க, சும்மா இருங்க" என்றாள் முனியம்மாள்.

கொடுத்த மருந்தில் வயிறு போனது. கூடவே வலியும் போனது. மாது பரிசலைத் திருப்பிக் கொடுத்தார். வாரங்கள் போயின, விரல் வாயே திறக்கவில்லை. ஒரு காலையில் சென்றாயன் துறையிலிருந்து பாதியிலேயே திரும்பி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"முனியம்மா, வெரலு இருக்கறதே தெரியல. டாக்டரு தப்பாச் சொல்லிட்டாரோ?"

அவள் அவர் காலை மடியில் வைத்து, நகத்தால் அழுத்திக் கிள்ளினாள்.

"ஐயோ!"

அவள் சிரித்தாள். சிரித்தபடியே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதன்பிறகு தினமும் விடிந்ததும் அவர் காலை நீட்டுவாராம். ஒவ்வொரு நாளும், அவள் கிள்ளி அது சுருக்கென்று தைக்கும்வரை, கண்ணைத் திறக்க அவருக்குத் தைரியம் வராதாம்.