வடக்கு மண்டலத்தை மீட்டவள்

எங்கள் மெத்தைக் கம்பெனியில் விற்பனை அறிக்கைகளைத் தயாரிப்பவள் என் மனைவி. மத்திய மண்டலத்துக்கு விற்பனை மேலாளர் நான். வீடும் ஒன்று, ஆபீசும் ஒன்று. சண்டைக்குக் கேட்க வேண்டுமா!

அந்த வாரம் வடக்குக் கிளையை மூடிவிடுவது என்று முதலாளி ஏறக்குறைய முடிவே செய்துவிட்டார்; மீட்டிங்கில் அறிவிப்பதுதான் பாக்கி. அறிக்கையின் வரைபடத்தில் அவர்களுடைய விற்பனைப் பட்டை சுண்டுவிரல் அளவுக்குத்தான் இருந்தது. என்னுடையது கூரையைத் தொட்டது. ஒரு வருஷமாக நான்தான் முதலிடம். கால் தரையில் பாவாமல் திரிந்தேன்.

வடக்குக் கிளைப் பொறுப்பாளர் என் மனைவிக்குப் போன் செய்து புலம்பினார். "தங்கச்சி, லாரி லாரியா சரக்கு வந்து இறங்குது. கடைக்காரங்க இன்னும் கேக்குறாங்க. உங்க ரிப்போர்ட்ல மட்டும் நாங்க ஈ ஓட்டுறோமாம்!"

"பாத்துட்டுச் சொல்றேண்ணே" என்றாள் அவள்.

மண்டலத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் அதன் விற்பனையை மட்டும் பிரித்துக் காட்டும் ஃபில்டர் அந்த அறிக்கையில் உண்டு. வடக்கே விற்ற ஒரே ஒரு மெத்தையின் பில்லை எடுத்துத் தேடினாள். அது என் மண்டலத்தில் சொகுசாகப் படுத்திருந்தது! ஃபில்டர் பார்த்தது விற்ற கடையை அல்ல, சரக்கு கிளம்பிய குடோனை. போன வருஷ மழையில் வடக்குக் குடோன் ஒழுக ஆரம்பித்ததிலிருந்து அவர்களுக்கும் எங்கள் குடோனிலிருந்துதான் சரக்கு போகிறது. எனக்கும் அது தெரியும். அறிக்கை அதை என் கணக்கில் சேர்க்கும் என்று யார் கண்டது?

நாற்காலியை என் பக்கம் திருப்பினாள். "ஏங்க, இதைச் சரி பண்ணினா நீங்க மூணாவது எடத்துக்குப் போயிடுவீங்க."

"மூணாவதா? அடிப்பாவி! மீட்டிங் முடியட்டும், அப்புறம் பண்ணு."

"மீட்டிங் முடிஞ்சா கிளையும் முடிஞ்சிரும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுந்து போனேன். அவள் கண்டுகொள்ளவே இல்லை. கடை இருக்கும் இடத்தை வைத்துப் பிரிக்கும்படி ஃபில்டரை மாற்றினாள். உடனே மொத்த விற்பனையே குறைந்தது. சில கடைகளுக்கு மண்டலமே பதிவாகாமல் கிடந்ததுதான் காரணம். ஒவ்வொரு கடைக்கும் போன் போட்டுக் கேட்டு நிரப்பினாள். மொத்தம் பழையபடி வரும்வரை சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.

மீட்டிங்கில் புது அறிக்கையைப் போட்டாள். என் பட்டை மளமளவென்று இறங்கியது, வடக்கு எழும்பியது. முதலாளி என்னைப் பார்த்தார்.

"என்னப்பா, வீட்டுல ஏதும் தகராறா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"அவரையே கேளுங்க சார். வடக்குக்குச் சரக்கு எங்கேருந்து போகுதுன்னு அவருக்குத் தெரியும்."

அறையே என்னைப் பார்த்தது. பொய் சொன்னால் என் முதலிடம் இருக்கும், ஒரு கிளை போகும். எழுந்து நின்றேன்.

"எங்க குடோன்லேருந்துதான் போகுது சார். ஆனா வித்தது அவங்க. அறிக்கை சரி."

முதலாளி மூடும் பேச்சை அதோடு விட்டார். "அந்த ஒழுகுற கூரையை மொதல்ல மாத்துங்கய்யா" என்றார். திரையின் ஓரத்தில் வீடியோவில் இருந்த வடக்குப் பொறுப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வெளியே வந்ததும் கிழக்கு மண்டல மேலாளர் என் தோளைத் தட்டினார். "பாவம் சார் நீங்க. முதலிடம் போச்சே!"

"போனாப் போகட்டும்யா! வேற யாருக்கு வரும் அந்தத் தைரியம்? என் பொண்டாட்டிய்யா அவ!" என்றேன், அந்தத் தளத்துக்கே கேட்கும்படி.